ஒரே முகம், இரண்டு அளவு: சொகுசு செடானில் பெரியது யாருக்கு, நடுத்தரம் யாருக்கு?

ஒரே நிறுவனத்தின் இரண்டு சொகுசு செடான்களைத் தனித்தனியாகப் பார்த்தால், இது பெரியதா சின்னதா என்று சட்டெனச் சொல்வது கடினம். அதே கிரில், அதே விளக்கு வடிவம், உள்ளே அதே மாதிரி திரைகள். இஞ்சின் பட்டியலிலும் பாதி ஒன்றாகவே இருக்கும். விலையில் மட்டும் பெரிய பள்ளம். மெர்சிடிஸில் இ-கிளாஸும் எஸ்-கிளாஸும், பிஎம்டபிள்யூவில் 5 சீரிஸும் 7 சீரிஸும், ஆடியில் ஏ6-உம் ஏ8-உம் இப்படிப்பட்ட ஜோடிகள்.

குழப்பத்தை ஒரே கணக்கில் காட்டிவிடலாம். 2023-இல் அறிமுகமான இ-கிளாஸின் நீளம் 4,949 மி.மீ. 2020-இல் வந்த எஸ்-கிளாஸின் நீண்ட வடிவம் 5,289 மி.மீ. வித்தியாசம் 34 செ.மீ., ஓர் அடிக்கும் மேல். டிக்கியின் கொள்ளளவைப் பாருங்கள்: இ-யில் 540 லிட்டர், எஸ்-ஸில் 550 லிட்டர். ஓரடி நீளம் கூடியும் டிக்கியில் கூடியது பத்து லிட்டர். ஒரு பள்ளிக்கூடப் பைக்குக்கூடப் பத்தாது. மீதி இடம் எங்கே போனது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

முதலில், எந்த அளவைச் சொல்கிறோம்?

கார்களை அளவு வாரியாகப் பிரிக்க உலகம் முழுக்கப் பொதுவான ஒரு முறை கிடையாது. ஐரோப்பாவில் ஏ, பி, சி என்று எழுத்துகளால் பிரிப்பார்கள். இ-கிளாஸ், 5 சீரிஸ், ஏ6 ஆகியவை ‘இ’ பிரிவு. எஸ்-கிளாஸ், 7 சீரிஸ், ஏ8 ஆகியவை ‘எஃப்’ பிரிவு. இதற்குக் கறாரான மில்லிமீட்டர் வரம்பு எதுவும் இல்லை. சந்தையில் எது எதோடு மோதுகிறது என்பதை வைத்துச் சொல்வதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறு வழியில் போகிறது. அது வெளி நீளத்தைப் பார்ப்பதே இல்லை. பயணிகள் அமரும் இடத்தையும் டிக்கியையும் சேர்த்துக் கன அடியில் அளக்கிறது. 110 முதல் 120-க்குள் இருந்தால் நடுத்தரம், 120-ஐத் தொட்டால் பெரியது. அதனால் ஒரே கார் ஒரு பட்டியலில் பெரியதாகவும் இன்னொன்றில் நடுத்தரமாகவும் நிற்கலாம்.

வாங்குபவர் இந்தப் பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டு நான்கு எண்களைப் பார்த்தால் போதும்.

1. மொத்த நீளம். பம்பரிலிருந்து பம்பர் வரை. கார் நிற்கும் இடத்துக்கு இது முக்கியம். உட்காருபவருக்கு இதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை.

2. வீல்பேஸ். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம். உள்ளே கால் நீட்ட எவ்வளவு இடம், பயணம் எவ்வளவு அலுங்காமல் போகும், எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும் என்ற மூன்றும் இதைப் பிடித்துத்தான் தொங்குகின்றன.

3. அகலம். பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு எண், சேர்க்காமல் ஒரு எண். கையேட்டில் எது இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வாசலில் இடிப்பது பெரும்பாலும் கண்ணாடிதான்.

4. திருப்பு வட்டம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக் கார் ஒரு சுற்று வர எத்தனை மீட்டர் விட்டம் வேண்டும் என்பது.

பெயர் மாறவில்லை, உடம்பு வளர்ந்துவிட்டது

‘எனக்கு 7 சீரிஸ் அளவுதான் வேண்டும், 5 சின்னது’ என்று சொல்பவர் மனதில் இருப்பது எந்தக் காலத்து 7 என்று கேட்க வேண்டும். 1994-இல் வந்த 7 சீரிஸின் சாதாரண வடிவம் 4,984 மி.மீ. நீளம். 2023-இல் அறிமுகமான 5 சீரிஸ் 5,060 மி.மீ. அதாவது இன்றைய நடுத்தரம் அன்றைய பெரியதை முந்திவிட்டது. மெர்சிடிஸிலும் இதே கதை. எண்பதுகளில் வந்த டபிள்யூ124 என்ற நடுத்தர மாடல் 4,740 மி.மீ.; இ-கிளாஸுக்கு ஒரு படி கீழே இருக்கும் இன்றைய சி-கிளாஸே 4,751 மி.மீ.

ஒவ்வொரு தலைமுறையிலும் கார் ஒரு படி வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே பெயரை வைத்து முடிவெடுப்பது பழைய அளவுநாடாவை வைத்துப் புதுச் சட்டை தைப்பது மாதிரி.

அந்த 34 சென்டிமீட்டர் எங்கே போனது?

இ-கிளாஸின் வீல்பேஸ் 2,961 மி.மீ. நீண்ட எஸ்-கிளாஸில் 3,216 மி.மீ. ஆக 34 செ.மீ.யில் 25.5 செ.மீ. இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலேயே போய்விட்டது.

அதில் முன் இருக்கைக்காரருக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஸ்டீயரிங், பெடல், இருக்கை மூன்றுக்கும் உள்ள இடைவெளியை மனித உடம்பு தீர்மானிக்கிறது. கார் எவ்வளவு நீண்டாலும் ஓட்டுபவரின் கை கால் நீளப்போவதில்லை. எனவே வீல்பேஸில் கூட்டும் இடம் முன் இருக்கையின் முதுகுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்கிறது. எஸ்-கிளாஸின் இரண்டு வடிவங்களே இதற்குச் சாட்சி. சாதாரண வடிவம் 5,179 மி.மீ. நீளம், 3,106 மி.மீ. வீல்பேஸ். நீண்ட வடிவத்தில் இரண்டும் சரியாக 110 மி.மீ. கூடுகின்றன. முன்பக்கம், டிக்கி எதையும் தொடவில்லை. பின்கதவு நீண்டது, பின்னால் உட்காருபவரின் முழங்காலுக்கு முன்னால் இடம் வந்தது, அவ்வளவுதான்.

மற்ற செலவுகளும் அதே திசையில்தான் போகின்றன. 7 சீரிஸில் கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரை பின் இருக்கைக்கானது. ஓட்டுபவர் அதைப் பார்க்கவே முடியாது. முன்பக்க மோதலில் பின்பயணிகளைக் காக்க அவர்களுக்கு முன்னால் விரியும் ஏர்பேக் 2020 எஸ்-கிளாஸில் வந்தது. சாய்ந்து படுக்கும் இருக்கை, கால்தாங்கி, மசாஜ், பின்னாலிருந்தே முன் இருக்கையைத் தள்ளும் பொத்தான் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கட்டுரையின் அச்சாணி இதுதான்: நடுத்தர செடான் முன் இருக்கையிலிருந்து பின்னோக்கி வரையப்பட்ட கார், பெரிய செடான் பின் இருக்கையிலிருந்து முன்னோக்கி வரையப்பட்ட கார். எந்த இருக்கையில் நீங்கள் உட்காரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கார் அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் பயன்பாட்டு வாரியாகப் பார்த்தால்:

1. நீங்களே ஓட்டுகிறீர்கள், பின்னால் எப்போதாவதுதான் ஆள் இருக்கும். பெரிய அளவுக்குத் தரும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு காலி இருக்கைக்குப் போகிறது.

2. டிரைவர் ஓட்டுகிறார், நீங்கள் பின்னால் உட்கார்ந்து தினம் ஒரு மணி நேரமாவது வேலையோ தூக்கமோ. பெரியது பிறந்ததே இதற்குத்தான்.

3. வார நாள்களில் நீங்கள், வார இறுதியில் குடும்பம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குடும்பம் என்றால் பெரிய கார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பின்னால் இரண்டு தனி இருக்கைகளாக அமைத்த பெரிய செடான் நான்கு பேருக்கான கார். ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. மூவர் அமரும் இருக்கை உள்ளதிலும் நடுவில் இருப்பவர், பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டுக்கான மேட்டை இரு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இந்தத் தொல்லை நடுத்தரத்திலும் அப்படியே உண்டு. தவிர, பின் இருக்கையை மடித்து நீளமான சாமான் வைக்கும் வசதி நடுத்தரத்தில் கிடைக்கும். பெரியதில் பெரும்பாலும் கிடைக்காது. சுமை ஏற்றுவதில் சின்னது பெரியதை வெல்லும் விசித்திரம் இது.

நடுவில் ஒரு மூன்றாவது: நீட்டிய நடுத்தரம்

சில சந்தைகளில் நடுத்தரக் காரையே நீட்டி விற்கிறார்கள். நீண்ட இ-கிளாஸின் நீளம் 5,092 மி.மீ., வீல்பேஸ் 3,094 மி.மீ. சாதாரண எஸ்-கிளாஸின் வீல்பேஸோடு ஒப்பிட்டால் 12 மி.மீ.தான் குறைவு, ஒரு விரல் பருமன்கூட வராது. நீண்ட 5 சீரிஸின் வீல்பேஸும் 3,105 மி.மீ.

காலுக்கு இடம் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இங்கேயே தேடலை நிறுத்திக்கொள்ளலாம். விலை நடுத்தரத்தின் பக்கமே நிற்கும், கால் எஸ்-கிளாஸ் போல நீளும். குறைவது வேறு விஷயங்களில்: அகலம் இ-யின் 1,880 மி.மீ. அளவிலேயே இருக்கும், எஸ்-ஸில் 1,954 மி.மீ. இருக்கையின் தரம், சத்தத் தடுப்பு, சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) ஆகியவையும் நடுத்தர நிலையிலேயே இருக்கும். இடமும் சொகுசும் ஒன்றல்ல என்பதை இந்த நீட்டிய கார்கள் நன்றாகவே காட்டிக்கொடுக்கின்றன.

அலுங்காத பயணம் எங்கிருந்து வருகிறது?

‘நீளமான கார் மெத்தென்று போகும்’ என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. உண்மைதான், ஆனால் எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து செ.மீ. உயர வேகத்தடை ஒன்று. முன்சக்கரம் அதன் மேல் ஏறி நிற்கும் கணத்தில் காரின் மூக்கு மேலே போகிறது, வால் கீழே நிற்கிறது. சஸ்பென்ஷன் எதையும் உள்வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டால், இ-கிளாஸ் சாயும் கோணம் 1.93 டிகிரி. நீண்ட எஸ்-கிளாஸ் சாயும் கோணம் 1.78 டிகிரி. வித்தியாசம் எட்டு சதவீதம் அளவுக்குத்தான். அப்புறம், முன்சக்கரம் தடையைத் தொட்டதற்கும் பின்சக்கரம் தொடுவதற்கும் இடையிலான நேரம்: மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 0.36 வினாடி, 0.39 வினாடி. இந்த இடைவெளி முக்கியம். முன்பக்கம் எழும்பி இறங்கிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் எழும்ப ஆரம்பித்தால் கார் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். பின் ஸ்பிரிங்கை முன்னதைவிட வேகமாக அதிரும்படி அமைத்தால், பின்னால் தொடங்கிய அசைவு முன்னதை எட்டிப்பிடித்து ஆட்டம் அடங்கிவிடும் என்பதை 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஓலி கண்டறிந்து வகுத்தார். அந்த விதியை இன்றும் பின்பற்றுகிறார்கள்.

ஆக, வீல்பேஸ் மட்டும் தருவது கொஞ்சம்தான். மீதி சொகுசு வேறு நான்கு இடங்களிலிருந்து வருகிறது.

1. எடையின் விகிதம். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் உடலின் எடை கூடி, கீழே சக்கரத்தோடு துள்ளும் பாகங்களின் எடை அதே அளவில் கூடாமல் இருந்தால், சக்கரத்தின் உதை உள்ளே குறைவாகத் தெரியும். பெரிய காருக்கு இது இயல்பாகவே சாதகம்.

2. ஏர் சஸ்பென்ஷன். இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப்பை. ஆள் ஏறினால் பையில் அழுத்தம் கூடும், பை அதற்கேற்பக் கெட்டியாகும். கார் அதே உயரத்தில் நிற்கும். ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எஸ்-கிளாஸில் இது கூடவே வருகிறது. இ-கிளாஸில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் கிடைக்கும்.

3. சத்தத் தடுப்பு. நடுவில் மென்படலம் வைத்த இரட்டை அடுக்குக் கண்ணாடி, உடற்கூட்டின் பொந்துகளில் நுரை, தடித்த கதவு ரப்பர். அலுங்காத பயணம் என்று நாம் நினைப்பதில் பாதி, காதுக்குக் கிடைக்கும் அமைதி. இதை எந்தக் கையேடும் எண்ணால் விளக்குவதில்லை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

4. டயரின் பக்கச்சுவர். மிகக் குறைவாகப் பேசப்படுவதும், மிக எளிதாகக் கெடுத்துக்கொள்வதும் இதுதான். 255/50 ஆர்18 என்றால் டயரின் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் அதில் 50 சதவீதம், ரிம் 18 அங்குலம்; ஆக பக்கச்சுவர் 127.5 மி.மீ. உயரம். 255/40 ஆர்20 என்ற டயரில் 102 மி.மீ. இரண்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 712 மி.மீ., அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தும். பார்க்க இரண்டாவது அழகு. ஆனால் சாலைக் குழியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பர் மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. குழியில் விழுந்தால் ரிம் நெளியும் வாய்ப்பும் கூடிவிட்டது.

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கலாம். பெரிய ரிம் போட்ட பெரிய செடானும், ஏர் சஸ்பென்ஷனும் சின்ன ரிம்மும் உள்ள நடுத்தர செடானும் மோசமான சாலையில் ஒன்றையொன்று நெருங்கிவிடும். பெரியதன் சொகுசை 21 அங்குல ரிம்முக்காக விட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்தால், பட்டு மெத்தை வாங்கி அதன் மேல் பலகை போட்டுப் படுப்பவர் நினைவுதான் வருகிறது.

திரும்புவதும் நிறுத்துவதும்

வீல்பேஸ் நீண்டால் திருப்பு வட்டம் பெரிதாகும். எளிய வடிவியல் இது. முன்சக்கரம் 35 டிகிரி ஒடிந்தால் 2,961 மி.மீ. வீல்பேஸுக்கு வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 10.3 மீட்டர், 3,216-க்கு 11.2 மீட்டர். சந்தில் ஒரே ஒடிப்பில் திரும்புவதற்கும், பின்னால் எடுத்து மறுபடி ஒடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 90 செ.மீ.தான்.

இதற்கு மருந்தாக வந்தது பின்சக்கர ஸ்டீயரிங். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்துக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் ஒடியும். கார் உண்மையில் இருப்பதைவிடக் குட்டையானது போல் திரும்பும். வேகமாகப் போகும்போது இரண்டும் ஒரே திசையில் ஒடியும். இன்னும் நீளமான கார் போல நிலையாகப் போகும். மேலே சொன்ன அதே 35 டிகிரி கணக்கில் பின்சக்கரம் 4.5 டிகிரி ஒடிந்தால், 3,216 மி.மீ. கார் 2,890 மி.மீ. கார் போலத் திரும்பும். 10 டிகிரி ஒடிந்தால் 2,570 மி.மீ. கார் போல. எஸ்-கிளாஸில் இந்த இரண்டு வகையும் உண்டு. 10 டிகிரி வகையில் திருப்பு வட்டம் 11 மீட்டருக்குள் வந்துவிடுகிறது.

சரி, பெரியது வாங்கினாலும் திரும்புவதில் பிரச்சினை இல்லை என்றாகிறதா? பாதிதான். பின்சக்கரம் எதிர்ப்பக்கம் ஒடியும்போது காரின் வால் வெளிப்புறம் வீசும். சுவரை ஒட்டி நின்ற காரைச் சட்டென ஒடித்து எடுத்தால் பின் பம்பர் சுவரில் உரசலாம். பழக வேண்டிய விஷயம் இது. தவிர, எந்தத் தொழில்நுட்பமும் நீளத்தையும் அகலத்தையும் குறைப்பதில்லை. 2.4 மீட்டர் அகலக் கட்டத்தில் நடுவாக நிறுத்தினால் இ-கிளாஸுக்குப் பக்கத்துக்கு 26 செ.மீ. மிஞ்சும், எஸ்-கிளாஸுக்கு 22 செ.மீ. நான்கு செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் நீண்ட காரில் கூடிய நீளம் பின்கதவில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட கதவு அதே கோணம் திறக்க அதிக இடம் கேட்கும். தாராளமாக இறங்குவதற்காக வாங்கிய காரிலிருந்து பக்கவாட்டில் நழுவி இறங்க வேண்டிவரும்.

வேகத்தடைக்கும் இதே தொல்லை உண்டு. வீல்பேஸ் நீண்டால் காரின் நடுவயிறு தடையில் தட்டும் வாய்ப்புக் கூடும். ஏர் சஸ்பென்ஷனில் காரைக் கொஞ்சம் உயர்த்தும் பொத்தான் இருக்கும்; பெரிய செடானில் அதிகம் தேய்வது அந்தப் பொத்தானாகத்தான் இருக்கும்.

எடையும் எரிபொருளும்

நெடுஞ்சாலையில் பெரிய கார் கண்டபடி எரிபொருள் குடிக்கும் என்பது இப்போது முழு உண்மை இல்லை. வேகமாகப் போகும்போது காற்றைக் கிழிப்பதற்குத்தான் அதிகச் சக்தி செலவாகிறது. அதை அளக்கும் காற்றிழுவை எண் எஸ்-கிளாஸில் குறைந்தபட்சம் 0.22, இ-கிளாஸில் 0.23. நீண்டு மெல்லச் சரியும் வால் காற்றுக்கு நல்லது. முன்பரப்புப் பெரிதாக இருப்பதால் அந்த லாபம் கொஞ்சம் கரையும், ஆனாலும் இரண்டும் பக்கத்தில்தான் நிற்கும். நின்று நின்று போகும் நகரச் சாலையில்தான் எடை தன் வேலையைக் காட்டும்: ஒவ்வொரு முறையும் அத்தனை கிலோவையும் சும்மா நிற்கும் நிலையிலிருந்து தள்ள வேண்டும்.

மின்சாரக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். 5 சீரிஸின் மின்சார வடிவமான பிஎம்டபிள்யூ ஐ5 இடிரைவ்40-இல் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 81.2 கிலோவாட்மணி, அறிமுகத்தின்போது சொன்ன அதிகபட்சத் தூரம் 582 கி.மீ. 7 சீரிஸின் மின்சார வடிவமான ஐ7 எக்ஸ்டிரைவ்60-இல் 101.7 கிலோவாட்மணி, 625 கி.மீ. பேட்டரி 25 சதவீதம் கூடுதல், தூரம் 7 சதவீதம்தான் கூடுதல். ஐ7-இல் நான்கு சக்கரத்துக்கும் விசை போவதும் ஒரு காரணம் என்றாலும், பெரிய பேட்டரியின் பெரும்பகுதி பெரிய காரைச் சுமக்கவே செலவாகிறது.

பிளக்-இன் ஹைபிரிட் (செருகி மின்னேற்றும் பேட்டரியும் இஞ்சினும் சேர்ந்த கார்) பார்ப்பவருக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: பேட்டரி டிக்கியின் இடத்தைத் தின்னும். இ-கிளாஸில் 540 லிட்டர் 370 ஆகிவிடுகிறது.

இஞ்சினும் தொழில்நுட்பமும்: பெரியதில்தான் புதியதா?

இ-கிளாஸும் எஸ்-கிளாஸும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. இரண்டிலும் ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக். 5, 7 சீரிஸ் ஜோடிக்கும் பொதுவான அடித்தளம், எட்டு கியர். ஆறு சிலிண்டர் இஞ்சின்களும் பகிர்ந்துகொள்ளப்படுபவையே. எனவே இந்த ஜோடிகளில் கூடுதல் விலை இஞ்சினுக்காக இல்லை. லெக்ஸஸ் விதிவிலக்கு: பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் விற்ற நடுத்தர இஎஸ்ஸும் பெரிய எல்எஸ்ஸும் இயந்திர அமைப்பிலேயே வேறு. முன்னது முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது, பின்னது பின்சக்கர இயக்கத்தை. அங்கே அளவை மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

புதுமை எப்போதும் பெரியதில் வந்து பிறகு கீழே இறங்கும் என்பது ஒரு காலத்து நடைமுறை. 1978-இல் ஏபிஎஸ் பிரேக், எண்பதுகளின் தொடக்கத்தில் ஏர்பேக் என்று எஸ்-கிளாஸில் வந்தவை பின்னர் எல்லாக் கார்களுக்கும் போயின. இப்போது புதுமையில் பாதி மென்பொருள். அது படியிறங்கக் காத்திருப்பதில்லை. ஒரு தலைமுறை ஏழெட்டு ஆண்டுகள் ஓடுவதால், 2023-இல் வந்த நடுத்தரத்தின் திரையும் மின்னணு அமைப்பும் 2020-இல் வந்த பெரியதைவிடப் புதியதாக இருப்பதில் ஆச்சரியமில்லை. எந்த அளவு என்பதோடு எந்த ஆண்டு வடிவமைப்பு என்றும் கேட்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டுமே மேல் தட்டு. நட்சத்திரங்களை வைத்து ஒப்பிடும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும்: கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் சோதனையின் மதிப்பீடு ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வகைக் கார்களுக்குள்தான் ஒப்பிடத்தக்கது.

பணம்: புதியதா, பழையதா, எத்தனை வசதியோடு?

அளவுக்கும் பணத்துக்கும் நடுவே நிஜத்தில் நிற்பது மூன்று வழிகள்.

1. எல்லா வசதியும் சேர்த்த நடுத்தரம், புதிது.
2. அடிப்படை வசதிகள் மட்டும் உள்ள பெரியது, புதிது.
3. மூன்று நான்கு வயதான பெரியது.

ஓட்டுபவர் நீங்களே என்றால் முதலாவதைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. நல்ல இருக்கை, ஏர் சஸ்பென்ஷன், இரட்டைக் கண்ணாடி மூன்றையும் சேர்த்தால் முன் இருக்கையில் பெரியதற்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது வழி பின் இருக்கைக்காரருக்கு மட்டும் பொருந்தும். இடமும் அமைதியும் அடிப்படை வடிவத்திலேயே கிடைத்துவிடும். மசாஜும் திரையும் இல்லாமல் வாழலாம்.

மூன்றாவதுதான் பொறி. பெரிய சொகுசு செடான்களின் மதிப்பு வேகமாக விழும். காரணங்கள் எளியவை: முதலில் வாங்குபவர் புதுத் தலைமுறை வந்ததும் மாறிவிடுவார், நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்தவை ஒரே நேரத்தில் சந்தைக்குத் திரும்பும், பழையதாக வாங்கக் கையில் பணம் உள்ளவருக்குப் பராமரிப்புச் செலவு பயம். விளைவாக, மூன்று நான்கு வயதான பெரியதும் புது நடுத்தரமும் ஒரே விலையில் வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் நினைவில் இருக்க வேண்டியது, காரின் விலை விழுந்தாலும் அதன் உதிரி பாகத்தின் விலை விழாது என்பது. ஒரு கணக்கு: புது நடுத்தரத்தின் விலை 100 பங்கு, புதுப் பெரியது 170 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பெரியதன் மதிப்பு 100 பங்காக இறங்கிய பிறகு நீங்கள் வாங்குகிறீர்கள். ஆனால் பிரேக் தட்டு, டயர், ஹெட்லைட், சர்வீஸ் கட்டணம் எல்லாம் இன்னும் 170 பங்குக் காருக்கு உரியவை. அதிலும் காலம் கூடக்கூடத் தேயும் பாகங்கள் பெரியதில் அதிகம். காற்றுப்பையின் ரப்பரில் விரிசல் விட்டுக் காற்று மெல்லக் கசியும். உயரத்தைத் தக்கவைக்கக் கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடும். கடைசியில் அதுவும் போகும். காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் பழைய சொகுசுக் காருக்கு இதுதான் நோய். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் தொல்லை இல்லை. தாண்டிவிட்டால், வாங்கும் பணத்தோடு இன்னொரு தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

டயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய, சக்தி மிகுந்த வடிவங்களில் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருக்கும். முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. நிறுவனத்துக்கென்றே தயாரான டயர்களில் தனிக்குறி இருக்கும்: மெர்சிடிஸுக்கு எம்ஓ, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், ஆடிக்கு ஏஓ.

ஷோரூமில் செய்ய வேண்டியது

டெஸ்ட் டிரைவ் என்றால் எல்லாரும் ஸ்டீயரிங் பின்னால் போய் உட்காருகிறார்கள். பெரிய செடானை இப்படிச் சோதித்தால் எதற்குப் பணம் தருகிறோமோ அதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு வருவோம்.

1. இரண்டு கார்களிலும் விற்பனையாளரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள். ஒரே சாலை, ஒரே வேகத்தடை, ஒரே வேகம். முன் இருக்கை உங்கள் வீட்டில் ஓட்டுபவரின் உயரத்துக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும்; ஷோரூமில் அதை முன்னுக்கு இழுத்து வைத்திருப்பார்கள்.

2. சோதிக்கும் காரின் ரிம் அளவு, சஸ்பென்ஷன் வகை இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பதிவு செய்யப்போவது வேறு ரிம் என்றால் அந்தச் சோதனை செல்லாது.

3. கடந்த ஒரு மாதத்தில் காரில் எத்தனை முறை பின்னால் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணுங்கள். ‘இனிமேல் உட்காருவேன்’ என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

4. வழக்கமாக நிறுத்தும் இடத்துக்குச் சோதனைக் காரையே கொண்டுபோங்கள். வாசல், சரிவு, தூண், லிஃப்ட் உள்ள வாகன நிறுத்தம் என்றால் அதன் நீள, எடை வரம்பு. நிறுத்திவிட்டு, பக்கத்தில் இன்னொரு கார் நிற்கும்போது பின்கதவை எவ்வளவு திறக்க முடிகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த இடைவெளியில் இறங்க முடியவில்லை என்றால், எஸ்-கிளாஸின் கூடுதல் 25 செ.மீ. அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.